வெளியில் இறங்காத தண்ணீர்

கொக்குவிலில் ஒரு வாங்கு

போத்தல் என் மடியில் இருந்தது. பெரிய போத்தல். நிறைய எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். என் மகள் யோகம் விடியவே எழும்பி, கொதிக்க வைத்து, ஆறவிட்டு, துணியில் வடித்து ஊற்றிக் கொண்டு வந்தது.

கொக்குவிலில் ஸ்கான் எடுக்கிற இடம் ஒன்றின் விறாந்தை. நீட்டு மர வாங்கில் என்னோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மேலே காத்தாடி சுற்றினது, காற்று மட்டும் கீழே வரவில்லை. டெற்றோல் மணம். யாரோ பைக்குள் வைத்திருந்த வாழைப்பழத்தின் மணமும் சேர்ந்து வந்தது.

கதவடியில் நின்ற வெள்ளைச் சட்டைப் பிள்ளை என்னிடம் வந்தாள். "அம்மா, உந்தப் போத்தல் முழுக்கக் குடிச்சு முடியுங்கோ. சலப்பை முட்டினால்தான் படம் தெளிவாத் தெரியும். முட்டினவுடனை எனக்குச் சொல்லுங்கோ, என்ன?"

"ஓம் பிள்ளை."

மூடியைத் திறந்தேன். ஒரு மிடறு வாய்க்குள் விட்டேன். அது அங்கேயே நின்றது. விழுங்கு விழுங்கு என்று தொண்டைக்குச் சொல்கிறேன், அது கேட்கிறதாக இல்லை. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் லேஞ்சியை வாயில் பொத்தி அதற்குள் துப்பினேன்.

யோகம் பார்த்துவிட்டாள். "என்னணை அம்மா, குழந்தைப்பிள்ளை மாதிரி? எங்கடை கிணத்துத் தண்ணிதானே."

"தெரியும்."

"பேந்தென்ன?"

"தண்ணி எங்கடைதான். வாங்கு அவையின்ரை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இது இரண்டாந்தரம். முதல்தரம் வீட்டிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு ஓட்டோவில் வந்தேன். கோப்பாயிலிருந்து கொக்குவில் வரைக்கும் தெருவில் இருக்கிற பள்ளமெல்லாம் என் அடிவயிற்றுக்குத் தெரியும். வந்து பார்த்தால் சனம் நிறைந்து கிடந்தது. என் முறை வருவதற்குள் ஏலாமல் எழும்பி மலசலகூடத்துக்குப் போய்விட்டேன். திரும்பக் குடியுங்கோ என்றார்கள். குடிக்க முடியவில்லை. சும்மா வீட்டுக்கு வந்தோம்.

அதைக் கேட்டு, ஸ்கானுக்கு எழுதித் தந்த டொக்டர் பிள்ளைக்குச் சரியான கோபம். "அம்மா, ரத்தத்தைப் பாத்தால் ரெண்டு கிட்னியும் களைச்சுப்போய்க் கிடக்கு. ஏன் எண்டு படம் எடுத்தால்தான் தெரியும். கல்லு அடைச்சிருந்தால் எடுத்துப் போடலாம். இப்பிடியே விட்டால் ரத்தம் கழுவுற மெசினிலைதான் போய் நிக்கும். இனிச் சாட்டுச் சொல்லாதேங்கோ."

நான் ஒருநாளும் சாட்டுச் சொல்லிப் பழகாதவள். ஆனால் அன்றைக்கு அந்த வாங்கில், மூடி திறந்த போத்தலோடு, ஒரு மிடறும் இறங்காமல் இருந்தேன்.

வெங்காயம் குடித்த தண்ணீர்

என் அம்மா சண்டிலிப்பாயிலே தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவ. என்னையும் கூட்டிக்கொண்டு போவா. விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை.

எனக்கு அந்தத் தோட்டங்களை நல்ல விருப்பம். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும். செம்பாட்டு மண், வரிசை வரிசையாய்ப் புகையிலை, அந்தப் பக்கம் வெங்காயப் பாத்திகள். வெயில் பட்ட பாத்தியில் முதல் தண்ணீர் பாயும்போது ஒரு மணம் வரும் பாருங்கோ, அதற்கு ஈடாக ஒரு செண்டும் இல்லை. கிணற்றுத் துலாவின் கிறீச்சென்ற சத்தம் தூரத்திலேயே கேட்கும். துலா மிதிக்கிறதும் இறைக்கிற பட்டையைப் பிடித்து ஊற்றுகிறதும் தோட்டத்துக் கமக்காரருடைய ஆட்கள். வாய்க்காலில் ஓடிவருகிற தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிடுகிறது எங்களுடைய ஆட்கள். தண்ணி மாறுகிறது என்று சொல்வோம். அம்மா மண்வெட்டியால் ஒரு கொத்து, காலால் ஒரு தட்டு. இந்தப் பாத்தியின் வாய் மூடும், அந்தப் பாத்தியின் வாய் திறக்கும். என் அம்மாவைப் போலத் தண்ணி மாற அந்தப் பக்கத்தில் ஆளில்லை. சொட்டுத் தண்ணீர் வீணாய்ப் போகாது.

காலெல்லாம் தண்ணீர். கணுக்கால் வரைக்கும் குளிர்ந்து கிடக்கும். தொண்டை மட்டும் காய்ந்து கிடக்கும்.

அந்தக் கிணற்றில் எங்கள் ஆட்கள் அள்ளக்கூடாது. கயிற்றிலும் தொடக்கூடாது. தாகமென்றால் கிணற்றுக் கட்டுக்கு வெளியே நின்று "நாச்சியார்" என்று கூப்பிட வேண்டும். கமக்காரர் வீட்டு அம்மாவுக்கு நேரமிருந்தால் வருவா. செம்பில் அள்ளி, எட்ட நின்று, உயரத்திலிருந்து ஊற்றுவா. நாங்கள் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடிக்க வேணும். பாதி கைக்குள், பாதி சட்டையில். மூக்குக்குள்ளும் போகும். காணும் என்று நாங்கள் சொல்ல முதலே செம்பு முடிந்துவிடும்.

எனக்கு இன்னும் பால்பல் விழாத வயது. ஒருநாள் நாச்சியார் நாச்சியார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உள்ளே றேடியோ பாடுகிறது, ஒருத்தரும் வரவில்லை. கிணற்றடியில் வாளி இருந்தது. வாளியில் கயிறு இருந்தது. நான் போய்க் கயிற்றைப் பிடித்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.

"எடியே! ஆரடி அது?"

அந்தச் சத்தம்தான். அடி ஒன்றும் விழவில்லை. அந்தச் சத்தத்துக்கே என் நெஞ்சு இடித்த இடியில் கயிறு கையை விட்டுப் போய் வாளி தண்ணீருக்குள் விழுந்தது. அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கினா. அவவின் நெஞ்சும் அப்படியே இடித்தது. இரண்டு நெஞ்சும் சேர்ந்து இடித்தது எனக்கு இன்னும் தெரியும்.

அன்று பின்னேரம் துலா நிற்கவே இல்லை. நான் தொட்ட வாளி விழுந்த தண்ணீர் முழுவதையும் இறைத்துப் போட வேண்டுமாம். இறைக்கிறதைச் சும்மா தெருவில் விடுவானேன் என்று வெங்காயத்துக்கு விட்டார்கள். "உன்ரை பெட்டை செய்த வேலைதானே, நீயே மாறு" என்று கமக்காரர் சொன்னார். அம்மா பொழுதுபடும் வரை மாறினா.

வீட்டுக்குப் போகிற வழியில் நான் அழுதுகொண்டு வந்தேன். அம்மா கொஞ்சத் தூரம் நடந்தா. பிறகு திடீரென்று நின்றா.

"எடி பிள்ளை, ஒண்டு கவனிச்சனியோ?"

"என்னம்மா?"

"நீ தொட்ட தண்ணியைத்தான் இப்ப அந்த வெங்காயம் முழுக்கக் குடிச்சிருக்கு. அந்த வெங்காயத்தைத்தான் அவையள் சம்பல் இடிச்சுத் தின்னப் போகினம்."

அம்மா சிரித்தா. ஒழுங்கை நடுவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டுபேரும் வீடு மட்டும் சிரித்துக்கொண்டே போனோம். என் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது அந்தச் சிரிப்புத்தான்.

வாய்க்குள் புளியங்கொட்டை

அடுத்தநாள் விடிய அம்மா ஒரு சட்டம் போட்டா. "இனிமேல் ஒருத்தற்றை வாசலிலையும் கை ஏந்திக் குடிக்கிறேல்லை. வீட்டிலை குடிச்சிட்டுப் போறது. வீட்டை வந்து குடிக்கிறது."

"தாகமெடுத்தால்?"

"எடுக்கட்டும். எடுத்திட்டுப் போகும்."

வறுத்த புளியங்கொட்டை ஒன்றை என் வாயில் போட்டா. அதைக் கடிக்கக்கூடாது, கன்னத்துக்குள் ஒதுக்கி உமிய வேணும். உமிய உமிய வாய் ஊறும். நாள் முழுக்க ஒரு கொட்டை போதும். வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடித்தால் என்ன என்று கேட்டேன். "அது மாட்டுக்கு" என்றா.

பின்னேரம் வீட்டுக்கு வந்து குடிக்கிற குடி இருக்கிறதே! அம்மாவின் மண்குடம் குடிசையின் மூலையில் ஈர மணலுக்கு மேல் இருக்கும். எங்களுடைய பகுதிக் கிணறு உவர். ஆனாலும் அந்தக் குடத்துக்குள் இருந்தால் இனிக்கும். சிரட்டை அகப்பையால் மொண்டு மொண்டு குடிப்போம். மடக் மடக்கென்று சத்தம் கேட்கும். தங்கச்சியும் நானும் குடித்து முடித்து முற்றத்தில் நின்று வயிற்றைக் குலுக்குவோம், தண்ணீர் உள்ளே குலுங்குகிறது கேட்கும். ஆருடைய வயிறு கூடக் குலுங்குது என்று போட்டி. அம்மாதான் நடுவர். ஒவ்வொரு நாளும் சமம் என்றுதான் தீர்ப்பு.

பள்ளிக்கூடத்திலும் அதே கதை. உள்ளே பானை, எங்களுக்கு வெளியே ஒரு தகரப் பேணி. நான் அந்தப் பேணியைத் தொட்டதே இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் விட்டுப்போச்சு, பேணியும் விட்டுப்போச்சு. எழுத்துக் கூட்ட அவ்வளவுதான் படித்தேன், அதில்தான் இதையும் எழுதுகிறேன்.

எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. பெருமையாகத் தெரிந்தது. மற்றப் பெண்டுகள் நாச்சியார் நாச்சியார் என்று நிற்கும்போது நானும் அம்மாவும் உதடு வெடிக்க வெடிக்க நிமிர்ந்து கொண்டு புல்லுப் பிடுங்குவோம்.

அம்மா போனது கால் வீங்கி, முகம் வீங்கி. கடைசி நாட்களில் நீர் போகவே இல்லை. எங்கள் பகுதியில் பெண்டுகளுக்குக் கல்லடைப்பு வராத வீடு குறைவு. யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதுதான் என்று நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் சொன்னார். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் கமக்காரர் வீட்டிலும் குடித்தார்கள். நாங்கள் குடித்ததால் வந்ததோ, குடிக்காமல் விட்டதால் வந்ததோ என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

வேதக்கார ரீச்சர்

கலியாணம் முடித்துக் கோப்பாய்க்கு வந்தேன். காலமும் மெல்ல மாறினது. எங்களுக்குக் கோயில் திறந்தார்கள், தேத்தண்ணிக் கடை திறந்தார்கள், கிணறும் சில இடத்தில் திறந்தார்கள். என் தொண்டைதான் திறக்கவில்லை.

பக்கத்து வளவில் ஒரு வேதக்கார ரீச்சர் இருந்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ, தங்கமான மனுசி. நான் போன முதல் நாளே என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, கண்ணாடிக் கிளாசில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து, தன் கையாலே என் கையில் தந்தா. அப்படி எனக்கு ஒருவரும் தந்ததில்லை. குடிக்க எனக்கு எவ்வளவு ஆசை! வாயில் வைத்தேன். தொண்டை மூடிவிட்டது. நெஞ்சு இடிக்கிறது. அவ அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து குரோட்டன் செடிக்கு ஊற்றினேன்.

ரீச்சர் யன்னலால் பார்த்துவிட்டா.

வந்து நின்று, முகம் சிவந்து, மெல்லக் கேட்டா: "ஏன் செல்லம்மா, வேதக்கார வீட்டிலை குடிக்க மாட்டியளோ? எங்களையும் உப்பிடித்தான் பாக்கிறியளோ?"

நான் அவவைக் குறைவாய்ப் பார்க்கிறேனாம்! அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. இல்லை ரீச்சர் என்று சொல்லி, தொண்டையைப் பற்றிச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொன்னால் கிணற்றடியைச் சொல்ல வேணும். அதைச் சொல்ல எனக்கு ரோசம் விடவில்லை. தாகமில்லை என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நாள் எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. யோகம் பிறந்தபோது அவதான் முதலில் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினா. அதோடு எல்லாம் சரி. ஆனால் சாகும் வரைக்கும் எனக்குக் குடிக்க ஒன்றும் தரவில்லை, கேட்கவுமில்லை.

எல்லோரும் பழகின வித்தை

பிறகு சண்டைக் காலம். சோதனைச் சாவடிகள். ஆமிக்காரர் பஸ்சால் இறக்கி வெயிலில் வரிசையில் நிறுத்துவார்கள். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், விளங்காத பாஷையில் கேள்வி கேட்பார்கள். ஒதுங்க இடமில்லை. கேட்கவும் பயம். அதனாலே பயணமென்றால் முதல்நாள் இரவே சனம் தண்ணீரை நிற்பாட்டிவிடும். தமிழர் என்கிறதுக்காக எல்லோரும் ஒரே வரிசை. அங்கே உயரமுமில்லை, பள்ளமுமில்லை.

ஒருமுறை எனக்குப் பக்கத்தில் நின்ற பெரிய வீட்டு அம்மா ஒருவ வாடிப்போய்க் கேட்டா: "எப்பிடி அக்கா நீங்கள் தண்ணி வென்னி இல்லாமல் உப்பிடி நிமிந்து நிக்கிறியள்?"

"சின்னனிலையே பழகினது" என்றேன்.

"ஆர் பழக்கினது?"

சொல்லியிருக்கலாம். நல்ல பகிடியாக இருந்திருக்கும். அவவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன். சட்டைப் பையில் இருந்த புளியங்கொட்டை ஒன்றைக் கொடுத்தேன். வாங்கி உமிந்துகொண்டு நின்றா.

இப்போது எனக்குப் பிரஷரும் இருக்கிறது. யோகம் வீட்டில் மெசின் வாங்கி வைத்திருக்கிறாள். வீட்டில் அளந்தால் ஒழுங்காய் இருக்கும். வெளியில் யாரும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு "இருங்கோ, கூப்பிடுவம்" என்று சொன்னால் ஏறிவிடும். சாப்பாட்டுக் கடையில் பெடியன் தலைக்கு மேலே நின்று கிளாசுக்குள் தண்ணீர் ஊற்றினாலும் நெஞ்சு இடிக்கும். அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும். எனக்குத் தெரியும், ஒன்றும் நடக்காது என்று. உடம்புக்கு அதை யார் சொல்கிறது?

ஆருக்கு ஸ்கான்?

வாங்குக்கு வருகிறேன்.

வெள்ளைச் சட்டைப் பிள்ளை திரும்பவும் வந்து போத்தலைப் பார்த்தாள். "அம்மா, இன்னும் தொடக்கேல்லையோ? டொக்டர் பின்னேரத்தோடை போயிடுவா. பேந்து அடுத்த மாசம்தான் இடமிருக்கு."

யோகத்தின் கண் கலங்கிவிட்டது. "அம்மா, உங்களுக்கு மெசினிலை படுக்கத்தான் விருப்பமோ? சொல்லுங்கோ, என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

பிடிவாதம் என்றாள். அது எனக்குச் சுட்டது.

யோகம் பிறந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றடிக் கதையை நான் எங்கள் வீட்டில் எடுத்ததில்லை. அவளுடைய தகப்பனையும் எடுக்க விடவில்லை. கேட்டால் பிள்ளையும் குனிந்து நடப்பாள் என்று பயம். நிமிர்ந்து வளர்ந்தாள். படித்தாள். கந்தோரில் மேசை, கதிரை, காத்தாடி எல்லாம் இருக்கிறது. அவளிடம் போய் இதைச் சொல்கிறதா?

வேறு வழியில்லை. குனிந்து, அவளுடைய காதுக்குள், மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னேன். நாச்சியாரை, கயிற்றை, அந்தச் சத்தத்தை. வெளியில் எனக்குத் தொண்டை மூடுகிறதை.

அவள் என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். பிறகு தன் தோள்பையைத் திறந்தாள். உள்ளே அவள் நாளாந்தம் கந்தோருக்குக் கொண்டுபோகிற சின்னப் போத்தல். கழுத்து வரைக்கும் தண்ணீர்.

"இது நேற்றையான் தண்ணி அம்மா."

"ஏன், குடிக்கேல்லையோ?"

"நான் வெளியிலை குடிக்கிறேல்லை. பள்ளிக்கூடத்திலையும் குடிச்சதில்லை. விடியக் கொண்டு போறதைப் பின்னேரம் அப்பிடியே கொண்டு வாறன். கந்தோரிலை எல்லாரும் பகிடி பண்ணுவினம், ஒட்டகம் எண்டு. எனக்கு அது இயற்கை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

"ஆரடி உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் குடிக்கிறதை நான் வெளியிலை ஒருக்காலும் காணேல்லை. அவ்வளவுதான்."

அவளுடைய உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் வெடித்திருந்தது. அது என் அம்மாவின் உதடு.

"உனக்கும் நீர்க்கடுப்பு வாறதோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "போன வருசம் ரெண்டு தரம். உங்களிட்டைச் சொல்லேல்லை."

எனக்கு வந்த கோபம்! கமக்காரர் மேலேயா, நாச்சியார் மேலேயா, என் அம்மா மேலேயா, என் மேலேயா, எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து வந்தது. நான் வாயே திறக்காமல் காத்து வைத்த பிள்ளை! அந்தக் கோபத்தில் போத்தலைத் தூக்கி ஒரு மிடறு விட்டேன். விழுங்கிய பிறகுதான் விழுங்கினது தெரிந்தது. புரைக்கேறி இருமினேன். மூக்கால் கொஞ்சம் வந்தது. மிச்சம் இறங்கிவிட்டது.

"இந்தா, நீ குடி" என்று நீட்டினேன்.

"எனக்கில்லையணை ஸ்கான்."

"குடியெண்டுறன்."

"நீங்கள் முதல் குடியுங்கோ."

"நீ குடிச்சால் நான் குடிப்பன்."

வாங்கின் அந்தத் தொங்கலில் இருந்த தாத்தா ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஆராவது ஒராள் குடிச்சு முடியுங்கோவன். பாத்துப் பாத்து எனக்கெல்லோ நா வறளுது!"

வாங்கு முழுக்கச் சிரித்தது. யோகமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போத்தலை வாங்கி வாய் வைத்துக் குடித்தாள். அவளுக்கும் முதல் மிடறு நின்றது, நான் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு இறங்கிவிட்டது. அவள் ஒரு மிடறு, நான் ஒரு மிடறு. எனக்கு நெஞ்சு இடித்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இடிக்க இடிக்கக் குடித்தேன். பெரிய போத்தல் முடிந்து அவளுடைய சின்னப் போத்தலும் முடிந்தது.

வெள்ளைச் சட்டைப் பிள்ளை வந்து இரண்டுபேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இப்ப ஆருக்கு ஸ்கான்?"

உள்ளே இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. டொக்டர் என் வயிற்றில் களி போல எதையோ பூசி உருட்டினா. அமத்தும்போதெல்லாம் உயிர் போனது. கொஞ்ச நேரத்தில், "கல்லுத்தான் அம்மா. அடைச்சுக்கொண்டு நிக்குது. எடுக்கலாம்" என்றா. நான் தலையை ஆட்டினேன். கதைத்தால் அங்கேயே போய்விடும் என்று பயம்.

துடைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மலசலகூடத்தைத் தேடிப் போனேன். கதவடியில் யோகம் நிற்கிறாள். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே ஆளில்லை.

"எடி, நீ ஏன் போகேல்லை?"

"நீங்கள் உள்ளுக்கை அடக்கிக்கொண்டு கிடக்கேக்கை நான் எப்பிடியம்மா போறது?"

"விசரி, போடி!" என்று அவளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.